காது திறந்திருக்கும் நேரம்

நண்பன் ஒருவன் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடும் மோட்டார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். பேட்டரியில் ஓட வேண்டும், சுவரில் ஒயர் எதுவும் தெரியக் கூடாது. "எதைப் போடலாம்டா? ப்ளூடூத்தா, ஜிக்பீயா, இல்ல புதுசா வந்திருக்கே த்ரெட், அதுவா?" என்று கேட்டான். மூன்றும் கருவிகள் ஒயரில்லாமல் ரேடியோவில் பேசிக்கொள்ளும் முறைகள். என்னிடம் பதில் தயாராக இருந்தது. பதில் என்றால் ஓர் அட்டவணை. அலைவரிசை, வேகம், எவ்வளவு தூரம் எட்டும், பேசும்போது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும், ஒரு வலையில் எத்தனை கருவிகள் சேரலாம் என்று ஆறேழு கட்டங்கள். பல வருடங்களாகச் சேர்த்து, திருத்தி, வண்ணமெல்லாம் அடித்து வைத்திருந்தேன். யார் கேட்டாலும் அதைத்தான் அனுப்புவேன். அவனுக்கும் அனுப்பினேன். "சூப்பர், எல்லாம் தெளிவா இருக்கு" என்றான். அவனுக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்ததுதான் இப்போது என்னை உறுத்துகிறது.

ஏனென்றால் அடுத்த மாதமே என் வீட்டுச் சென்சார் ஒன்று பதினோரு நாளில் ஒரு பட்டன் செல்லைத் தின்று தீர்த்தது. என் அட்டவணைப்படி அந்தச் செல் மூன்று வருடம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம். மூன்று வருடத்துக்கும் பதினோரு நாளுக்கும் நடுவில் இருப்பது கணக்குப் பிழை அல்ல, கணக்கே வேறு.

என்னிடம் அப்படி மூன்று சென்சார்கள் இருந்தன. மூன்றும் நானே செய்தவை. ஒரே போர்டு, ஒரே ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்), டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிசி2530 என்ற பழைய ஜிக்பீ சிப். வேலையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஹப்புக்கு, அதாவது எல்லாக் கருவிகளின் செய்தியையும் வாங்கிக்கொள்ளும் கணினிக்கு, சொல்லிவிட்டுத் தூங்கிவிட வேண்டும். இந்த மாதிரிக் கணக்குகளுக்கு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு வினாடி ஓடினால் ஒரு காசு. சிஆர்2032 பட்டன் செல்லின் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்தால், மணிக்கு 3,600 வினாடி, ஆக மொத்தம் 7,92,000 காசு. சென்சாரின் ஆயுள் சேமிப்பு அவ்வளவுதான், மேற்கொண்டு வரவு கிடையாது. ஒரு முறை எழுந்து பேசிவிட்டுப் படுக்க எல்லாம் சேர்த்து அரைக் காசு. நாளைக்கு 288 முறை, அது 144 காசு. தூக்கத்தில் சிப்பும் மற்றதும் சேர்ந்து 2 மைக்ரோ ஆம்பியர் குடித்தால் நாளைக்கு இன்னொரு 173. ஆக, 317 காசு. வகுத்துப் பார்த்தால் ஆறு வருடத்தைத் தாண்டுகிறது. பட்டன் செல் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கசியும், வயதாக ஆக அதன் உள்மின்தடை ஏறும், அதையெல்லாம் கழித்து மூன்று வருடம் என்று அடக்கமாகத்தான் எழுதி வைத்தேன்.

இரண்டு சென்சார்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. கடைசி அறையில் இருந்தது மட்டும் கேட்கவில்லை.

நோய் அறையில் இருந்தது

முதலில் செல்லைச் சந்தேகப்பட்டேன். புதிதாக ஒன்று போட்டேன், பன்னிரண்டு நாள். பிறகு போர்டில் எங்கோ கசிவு என்று நினைத்துச் சாலிடர் அழுக்கையெல்லாம் துடைத்தேன். அப்புறம்தான் செய்திருக்க வேண்டியதை முதலிலேயே செய்யாமல் விட்டது புரிந்தது. இரண்டு சென்சார்களை இடம் மாற்றி வைத்தேன். முன்னறையில் நன்றாக இருந்தது கடைசி அறைக்குப் போய் இரண்டு வாரத்துக்குள் படுத்துவிட்டது. கடைசி அறையில் செத்துக்கொண்டிருந்தது முன்னறைக்கு வந்ததும் பிழைத்துக்கொண்டது. கருவியில் ஒன்றுமில்லை, நோய் அறையில் இருந்தது.

அறை என்றால் சிக்னல்தான். ஜிக்பீயும் ப்ளூடூத்தும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் முட்டி மோதிக்கொண்டு இருப்பவை. சிக்னல் மோசமாக இருந்தால் பாக்கெட், அதாவது அனுப்பிய செய்திப் பொட்டலம், தொலையும், தொலைந்தால் திரும்ப அனுப்ப வேண்டும், அதில் செலவு ஏறலாம். என் ஹப்பின் ஜிக்பீ குச்சி கணினியின் யுஎஸ்பி 3.0 துளையில் நேராகச் செருகியிருந்தது. அது தப்பு என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கொட்டும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. ஒரு நீட்டிப்பு ஒயரில் குச்சியைத் தள்ளி வைத்தேன். வலையில் இருந்த எல்லாக் கருவிகளின் சிக்னல் எண்ணும் கிடுகிடுவென்று ஏறியது. ஒரு வெற்றிக் களிப்பில் புதுச் செல் போட்டேன். பதினோரு நாள்.

துப்பு வேறு இடத்தில் இருந்தது, அதுவும் என் கண் முன்னாலேயே. வெப்பநிலை வரைபடத்தை நான் பகலில்தான் பார்ப்பேன், அதிலும் கடைசி எண்ணை மட்டும். ஒரு நாள் ஒரு வாரத்துக்கான படத்தை விரித்துப் பார்த்தபோது, மற்ற இரண்டு அறைகளின் கோடுகள் இரவிலும் நெளிந்து நெளிந்து இறங்கின. கடைசி அறையின் கோடு மட்டும் இரவு பத்தரையிலிருந்து காலை ஆறு வரை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. எந்த அறையும் அப்படிக் குளிராது. தரவே வரவில்லை. வராத இடத்தை, வரைபட மென்பொருள் ஒரு கோட்டால் நாசூக்காக மூடி வைத்திருந்தது. தினமும் இரவில் ஏழரை மணி நேரம் அந்தச் சென்சார் வலையிலேயே இல்லை.

அன்று இரவு மடிக்கணினியையும் மின்னோட்டத்தை நுணுக்கமாக அளக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு போய்க் கடைசி அறையில் தரையில் உட்கார்ந்தேன். திரையில் சென்சாரின் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தரையோடு ஒட்டிய ஒரு கோடு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மெல்லிய ஊசி. அந்த ஊசியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதற்குள் ஒரு சின்ன நாடகமே இருக்கும். முதலில் சிப் எழுவது ஒரு சின்னப் படி. அடுத்து, பேசும் முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துப் பார்ப்பது ஒரு மேடு. பேசுவது அதைவிடச் சற்றே உயரமான மேடு. கடைசியில் "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காக மறுபடி ஒரு துளி நேரம் காது. அப்புறம் தரை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. பத்தரைக்கு அம்மா வந்தாள்.

"ஏன்டா தரையில உக்காந்திருக்க?"

"இந்த செல் ஏன் சீக்கிரம் போகுதுன்னு பாக்கறேன்மா."

"பாத்துட்டுப் படு. ரொம்ப நேரம் முழிச்சிருக்காத" என்று சொல்லிக்கொண்டே, போகிற போக்கில் மேசை விளக்கின் சுவர் சுவிட்சை டக்கென்று அணைத்துவிட்டுப் போனாள். தினமும் செய்வதுதான். யாரும் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அன்று நான் இருந்தும் அணைத்தாள், கை பழகிவிட்டது.

இருட்டில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வழக்கமான ஊசி வந்தது, உடனே இன்னொரு ஊசி, இன்னொன்று, இன்னொன்று. அதன் பின் கோடு செங்குத்தாக மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வினாடி. இரண்டு வினாடி. அப்புறம் விழுந்தது. அரை நிமிடம் கழித்து மறுபடி எழுந்து நின்றது. ஊசிகள் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகச் செங்கற்களை அடுக்கின மாதிரி இருந்தது.

அந்த மேசை விளக்குக்கு நான் ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் ப்ளக் போட்டிருந்தேன். ஹப்பின் சிக்னல் கடைசி அறை வரை சரியாக எட்டாததால், நடுவில் ஒரு படிக்கல்லாக இருக்கட்டும் என்றுதான் அதை அங்கே வைத்ததே. ஜிக்பீயில் சுவர் மின்சாரத்தில் ஓடும் கருவிகள் பெரும்பாலும் ரூட்டர்கள், மற்றவற்றின் செய்தியை வாங்கிக் கடத்துபவை. பேட்டரியில் ஓடும் கருவிகள் அவற்றில் ஒன்றைப் பெற்றோராக வரித்துக்கொள்ளும். பெற்றோர் தூங்கவே கூடாது. பிள்ளை தூங்கும்போது அதற்கு வரும் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, எழுந்து கேட்டால் கொடுக்க வேண்டும். அந்தப் பெற்றோரின் மின்சாரத்தைத்தான் அம்மா தினமும் இரவு பத்தரைக்குத் துண்டித்துக்கொண்டிருந்தாள். பேசிப் பார்த்துப் பதில் வராமல் போன பிள்ளை, வீட்டைத் தேடிக் கிளம்பியது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஜிக்பீக்கு 16 சேனல்கள். ஒவ்வொன்றிலும் "யாராவது இருக்கிறீர்களா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, பதிலுக்காக என் ஃபர்ம்வேர் 138 மில்லிவினாடி காத்திருக்கும். பதினாறையும் சுற்றி வர 2.2 வினாடி. அந்த நேரம் முழுக்க ரேடியோ கேட்டுக்கொண்டே இருக்கிறது, 24 மில்லி ஆம்பியரில். ஒரு சுற்றுக்கு 53 காசு. கிடைக்கவில்லை என்றால் 30 வினாடிக்கு ஒரு சுற்று என்று எழுதியது நான்தான். பெற்றோர் இரண்டு நிமிடம் காணாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்திருந்தேனே தவிர, இரவு முழுக்கக் காணாமல் போனால் என்று யோசிக்கவே இல்லை.

இருட்டிலேயே விரல் விட்டு எண்ணினேன். ஏழரை மணி நேரத்தில் 900 சுற்று. 47,700 காசு. பேசுவதற்கு நாளைக்கு 144 காசு என்று சொன்னேன் இல்லையா, ஒரே இரவுத் தேடலின் செலவில் அந்தச் சென்சார் 331 நாள் பேசியிருக்கலாம். காகிதக் கணக்கில் செல் 16 நாள் வர வேண்டும். பட்டன் செல்லை இப்படி வினாடிக்கணக்கில் பிழிந்தால் மின்னழுத்தம் சரிந்து, சரக்கு மிச்சம் இருக்கும்போதே சிப் மயங்கிவிடும். பதினோரு நாள் என்பது நியாயமான எண்தான்.

கேட்பதற்கு ஏன் இவ்வளவு

அன்று தூக்கம் வரவில்லை. சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆயிரம் முறை பார்த்த வரிகளையே மறுபடி பார்த்தேன். சிசி2530: பேசும்போது 29 மில்லி ஆம்பியர், கேட்கும்போது 24. பக்கத்துக் கோப்பில் நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்24எல்01+, பொழுதுபோக்காகச் செய்பவர்கள் எல்லோர் பெட்டியிலும் ஒன்று கிடக்கும் சிப்: பேசும்போது 11.3, கேட்கும்போது 13.5. கேட்பது அதிகம்! புதிய என்ஆர்எஃப்52832: பேசும்போது 5.3, கேட்கும்போது 5.4. இத்தனை வருடமும் என் அட்டவணையில் "பேசும்போது" என்ற கட்டம் மட்டும்தான் இருந்தது. கேட்பதற்கு ஒரு கட்டம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மனிதர்களை வைத்து யோசிப்பதால் வரும் குழப்பம் இது. நமக்குப் பேசினால்தான் தொண்டை வலிக்கிறது, கேட்பது இலவசம். சின்ன ரேடியோவுக்கு அப்படி இல்லை. அது பேசும் சக்தியே ஒரு மில்லிவாட்தான். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது அது ஒரு பிக்கோவாட் அளவுக்குத் தேய்ந்திருக்கலாம், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. அதைப் பொறுக்கி எடுத்து, பெருக்கி, கீழிறக்கி, எண்ணாக மாற்றும் சுற்றுகள் எல்லாம் முழு விழிப்பில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பேசுபவருக்குத் தன் பேச்சு எப்போது முடியும் என்று தெரியும். ஜிக்பீயின் அடியில் இருக்கும் 802.15.4 தரத்தில் மிகப் பெரிய பாக்கெட்டே 127 பைட்டுதான். வினாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில், முன்னொட்டையும் சேர்த்து, நாலேகால் மில்லிவினாடியில் முடிந்துவிடும். கேட்பவருக்கோ, செய்தி எப்போது வரும் என்று தெரியாது. தெரியாத வரை காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு அசடும் அன்று கண்ணில் பட்டது. என் அட்டவணையில் ஜிக்பீக்கு 29, ப்ளூடூத் லோ எனர்ஜிக்கு 5.3 என்று எழுதி, ப்ளூடூத் ஐந்து மடங்கு சிக்கனம் என்று பச்சை அடித்து வைத்திருந்தேன். நான் ஒப்பிட்டது தொழில்நுட்பங்களை இல்லை, ஒரு பழைய சிப்பையும் புதிய சிப்பையும். இன்று வரும் பல சிப்கள் ஒரே ரேடியோவில் இரண்டையும் பேசுகின்றன, ஏறக்குறைய ஒரே மில்லி ஆம்பியரில். இணையத்தில் உலவும் ஒப்பீட்டுப் படங்களில் பாதி இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். என்னுடையதும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

யார் விழித்திருப்பது

அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியோடு மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். இதில் யார் விழித்திருக்கிறார்கள், அந்த விழிப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

ப்ளூடூத் லோ எனர்ஜி இந்தக் கேள்விக்காகவே பிறந்தது போல இருக்கிறது. 2006-இல் நோக்கியா வைப்ரீ என்ற பெயரில் அறிவித்தது, 2010-இல் ப்ளூடூத் 4.0-க்குள் வந்து சேர்ந்தது. பழைய ப்ளூடூத்தோடு பெயரைத் தவிர ரேடியோ அளவில் அதற்கு ஒட்டு உறவு குறைவு. அதில் எனக்குப் பிடித்தது இணைப்பே இல்லாத அந்த அறிவிப்பு முறை. கருவி எழுந்து, தான் சொல்ல வேண்டியதை 31 பைட்டுக்குள் மடித்து, மூன்று சேனல்களில் ஒவ்வொரு முறை கூவிவிட்டுப் படுத்துவிடும். ஒரு கூவல் 376 மைக்ரோவினாடிக்கு மேல் போகாது. அந்த மூன்று சேனல்களையும் வைஃபையின் 1, 6, 11 சேனல்களுக்கு இடையிலும் ஓரத்திலும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். யார் கேட்டார்கள், யாராவது கேட்டார்களா என்பதெல்லாம் கருவியின் கவலை இல்லை. விழித்திருப்பது எதிர்ப்பக்கம். அது தினமும் சார்ஜ் ஏறும் கைபேசியாகவோ சுவரில் செருகிய பெட்டியாகவோ இருக்கும். இதிலும் கூட, "விரும்பினால் என்னோடு இணையலாம்" என்று அறிவிக்கும் கருவி ஒவ்வொரு கூவலுக்குப் பிறகும் 150 மைக்ரோவினாடி கழித்து ஒரு நொடித்துளி காதைத் திறந்து பார்த்துக்கொள்ளும். "இணைய முடியாது" என்று அறிவித்துவிட்டால் அதுவும் மிச்சம்.

இணைந்துவிட்டால் கதை வேறு. இரண்டு பேரும் நேரம் குறித்துக்கொண்டு சந்திப்பது போல. வழக்கமாக ஏழரை மில்லிவினாடிக்கு ஒரு முறையிலிருந்து நான்கு வினாடிக்கு ஒரு முறை வரை எப்படி வேண்டுமானாலும் குறிக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் இருவரும் தூங்கலாம். ஆனால் இரண்டு பேர் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது இல்லையா, அதனால் பேட்டரிக்காரர் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வந்து நிற்க வேண்டும். கடிகாரம் எவ்வளவு மட்டமோ அவ்வளவு முன்னதாக. கருவிக்குள் நேரம் காட்டும் கைக்கடிகாரப் படிகத்தில் மிச்சம் பிடித்தால் அது பேட்டரியில் செலவாகும் என்பதை நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டு கற்றிருக்கிறேன், அது வேறு கதை.

ஜிக்பீ, தேனீக்களின் நெளிந்தாடும் நடனத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. நடனம் எப்படியோ, குடும்ப அமைப்பு அதில் கெட்டியாக இருக்கிறது. விழிப்பின் செலவு முழுக்கச் சுவர் மின்சாரத்தில் ஓடும் பெற்றோர்களுக்கு. பிள்ளைக்கு வந்த செய்தியைப் பெற்றோர் 7.68 வினாடி வைத்திருக்கும், அதற்குள் பிள்ளை எழுந்து கேட்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடும். பேட்டரிச் சென்சாருக்கு ஹப்பிலிருந்து ஏதாவது சொல்லிப் பார்த்து, "ஏன் கேட்கவே மாட்டேன் என்கிறது" என்று தலையைச் சொறிந்தவர்களுக்கு இந்த எண்தான் பதில். 2014-இல் வந்த த்ரெட்டும் அதே 802.15.4 ரேடியோதான். மேலே இணையத்தில் இருக்கும் ஐபிவி6 முகவரி, இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனம். 2022-இல் மேட்டர் என்ற பொதுத் தரம் வந்த பிறகு எல்லோரும் த்ரெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் என் அம்மாவின் விரலுக்கு முன்னால் ஜிக்பீயும் த்ரெட்டும் ஒன்றுதான். எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே ரூட்டரை அணைத்துவிட்டால் த்ரெட்டின் பிள்ளையும் தேடிக்கொண்டுதான் அலையும்.

இசட்-வேவ் என்ற இன்னொரு வீட்டு ரேடியோவில் ஓர் அழகான சமரசம் இருக்கிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் சந்தைக் கூச்சலை விட்டுவிட்டு, ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒதுங்கி வாழ்வது. கதவுப் பூட்டு மாதிரி, பேட்டரியில் ஓடினாலும் சொன்னவுடன் கேட்க வேண்டிய கருவிகள் அதில் கால் வினாடிக்கோ ஒரு வினாடிக்கோ ஒரு முறை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். அதை எழுப்ப நினைப்பவர் அந்த இடைவெளி முழுக்க நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பவரின் செலவைப் பிடுங்கிப் பேசுபவர் தலையில் கட்டிவிட்டார்கள். தொட்டுப் பணம் கட்டும் அட்டைகளில் இருக்கும் என்எஃப்சி இதையே எல்லை வரைக்கும் கொண்டு போகிறது. சில சென்டிமீட்டருக்குள் வந்தால், படிக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலத்தின் வழியாக மின்சாரத்தையும் சேர்த்தே கொடுக்கும். வில்லைக்குப் பேட்டரியே வேண்டாம். மறுகோடியில் யுடபிள்யூபி (அல்ட்ரா வைட்பேண்ட்). ஒளி ஒரு நானோவினாடியில் 30 சென்டிமீட்டர் போகும். அந்தத் துல்லியத்தில் நேரத்தை அளந்து தூரம் சொல்லும் ரேடியோ காதைத் திறந்தே வைத்திருந்தால் பேட்டரி தாங்காது. அதனால்தான் பல கருவிகளில் ப்ளூடூத் முதலில் போய்க் கதவைத் தட்டி, "ஆள் பக்கத்தில் வந்துவிட்டான்" என்று சொன்ன பிறகே யுடபிள்யூபி எழுகிறது. காதே இல்லாத பிறவிகளும் உண்டு. 2001-இல் சீமன்ஸிலிருந்து பிரிந்து வந்த என்ஓஷன் நிறுவனத்தின் சுவிட்சுகளில், விரல் அழுத்தும் விசையிலிருந்தே மின்சாரம் எடுத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள்.

வைஃபையைப் பற்றி ஒரு வரி போதும். பட்டன் செல்லுக்கும் அதற்கும் ஆகாது. இஎஸ்பி32 என்ற வைஃபை சிப் உரத்துப் பேசும்போது 240 மில்லி ஆம்பியர் இழுக்கும், அந்தச் செல்லால் அதைக் கொடுக்கவே முடியாது.

திரைச்சீலை

இப்போது நண்பனுக்கு என்ன சொல்வது? அவன் இதற்குள் ஜிக்பீ என்று முடிவு செய்து போர்டே அடித்துவிட்டான். போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். "அப்ப ப்ளூடூத்துக்கு மாத்திடவா?" என்றான். மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றோம்.

என் சென்சார் பேசிவிட்டுப் போகிற ஜென்மம். ஒரு முறை வெப்பநிலை தொலைந்தால் ஐந்து நிமிடத்தில் அடுத்தது வரும். அதற்கு ப்ளூடூத் அறிவிப்பே போதும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூவிவிட்டுத் தூங்கும், அம்மா எதை அணைத்தாலும் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. திரைச்சீலை அப்படி இல்லை. அது கேட்க வேண்டிய ஜென்மம். பொத்தானை அழுத்தி ஒரு வினாடிக்குள் அசையாவிட்டால் மறுபடி அழுத்துவார்கள், பிறகு திட்டுவார்கள். வினாடிக்கு ஒரு முறை எழுந்து "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா" என்று கேட்டால், நாளைக்கு 86,400 முறை. பழைய சிப்பில் ஒரு கேள்விக்குக் கால் காசுக்குச் சற்றுக் குறைவு, நாளைக்கு 17,000 காசு பக்கம் வரும். புதிய சிப்பில் அதே ஜிக்பீ சுமார் 2,500. ப்ளூடூத் இணைப்பில் வினாடிக்கு ஒரு சந்திப்பு என்றால் ஆயிரத்துச் சொச்சம். சிப்பை மாற்றினால் ஏழு மடங்கு மிச்சம், தொழில்நுட்பத்தை மாற்றினால் இரண்டு மடங்குதான். மோட்டாருக்கு எப்படியும் பெரிய பேட்டரி வைக்கப் போகிறான், அதில் இந்த வித்தியாசம் பெரிதாக உறைக்காது.

அவனிடம் நான் கேட்டது வேறு. "உன் ஜன்னல் பக்கத்துல ராத்திரி பகல் எப்பவும் முழிச்சிருக்கிற கருவி என்ன இருக்கு?" ப்ளூடூத் என்றால் பத்து மீட்டருக்குள் ஒரு பெட்டி எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும். கைபேசியை நம்ப முடியாது, அது ஆளோடு வெளியே போய்விடும். ஜிக்பீ என்றால் கூரையில் ஒரு பல்பாவது வலையில் இருக்க வேண்டும், அதன் சுவர் சுவிட்சை யாரும் தொடக் கூடாது. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பல்பு இருக்கு. ஆனா சுவிட்சைப் பசங்க போட்டுப் போட்டு அணைப்பாங்களே" என்றான். ஜன்னலுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், சின்னதாக ஒரு ரூட்டரை நேரடியாக மின்சாரத்தில் இணைத்து வைக்கச் சொன்னேன். சிப்பை மட்டும் புதிதாக மாற்றுகிறேன் என்றான். அட்டவணையில் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் போட முடியுமா என்று முயன்று பார்த்தேன். "சுவிட்ச் யார் கையில்?" என்று ஒரு தலைப்பு வைக்க வேண்டியிருந்தது, விட்டுவிட்டேன்.

என் சென்சாரை ப்ளூடூத்துக்கு மாற்றவில்லை. சோம்பல் ஒரு காரணம், மற்றது ரோஷம். ஃபர்ம்வேரில் இரண்டு வரிகளைத்தான் மாற்றினேன். பெற்றோரைக் காணவில்லை என்றால் முதலில் பழைய சேனலில் மட்டும் தேடு. வீடு எங்கேயும் போய்விடவில்லை, எதற்குப் பதினாறு தெருவும் சுற்றுவது? அதிலும் கிடைக்காவிட்டால் காத்திருப்பை இரட்டிப்பாக்கிக்கொண்டே போ: அரை நிமிடம், ஒன்று, இரண்டு, நான்கு என்று ஒரு மணி நேரம் வரை. இப்போது இரவு முழுக்கப் பதினான்கு தேடல்களுக்கு மேல் போவதில்லை, ஒவ்வொன்றும் மூன்றரைக் காசுக்குள். 47,700 இருந்த இடத்தில் ஐம்பது. அதே செல் பதினான்கு மாதமாக உள்ளே இருக்கிறது.

"இனிமே அந்த விளக்கை அணைக்கக் கூடாதா?" என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். "நீ பாட்டுக்கு அணைம்மா" என்றேன். காலையில் அவள் ஆறு மணிக்கு விளக்கைப் போட்ட பிறகும், அடுத்த தேடல் வரும் வரை சென்சாருக்கு விஷயம் தெரியாது. சில நாள் ஆறேகாலுக்கு வரும், இன்று 6:52-க்கு வந்தது. வரைபடத்தில் இடைவெளிகளைக் கோட்டால் இணைக்கும் வசதியை நிறுத்திவிட்டேன். மற்ற இரண்டு அறைகளின் கோடுகள் இரவெல்லாம் நெளிந்துகொண்டு போக, கடைசி அறையில் மட்டும் பத்தரைக்கு மேல் வெள்ளையாக இருக்கிறது.